டெக்சோமா ஏரிக்கு ஆர்.வி.: முன்பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி, ஜூலை 8

டல்லாஸ் பக்கத்தில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) வார இறுதிக்கு, டெக்சாஸ், ஓக்லஹோமா எல்லையில் இருக்கும் டெக்சோமா ஏரிக்குப் போக எண்ணம். இரண்டு குடும்பம், கூடவே ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் 28 அடி வாடகை வண்டி (ஆர்.வி.) ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம், நாளை முன்பணம் கட்டப் போகிறோம். ஏரிக்கரையில் எந்த இடம் நல்லது? 50 ஆம்ப் இணைப்பு கட்டாயமா? சமையல் நாங்களேதான்.

ஜூலை 8, இரவு

நாளை கட்டாதீர்கள். எல்லாரும் வண்டியில் ஆரம்பிக்கிறார்கள். டல்லாஸைச் சுற்றி வாடகை ஆர்.வி. கொட்டிக் கிடக்கிறது, அது எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். கிடைக்காதது அதை நிறுத்தும் இடம்.

டெக்சோமாவில் தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும் நல்ல இடங்கள் பலவும் ராணுவப் பொறியாளர் படையின் கேம்ப்கிரவுண்டுகள். இங்கே எல்லாரும் 'கோர்' என்றுதான் சொல்வார்கள். ஓக்லஹோமா பக்கம் பர்ன்ஸ் ரன், ஜான்சன் கிரீக். டெக்சாஸ் பக்கம் பிரஸ்டன் பெண்ட், ஜூனிப்பர் பாயிண்ட். ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பெரும்பாலும் ஆறு மாதம் முன்னதாகவே புக்கிங் திறந்துவிடும். லேபர் டேக்கு மார்ச்சிலேயே உட்கார்ந்து தட்டியவர்களுக்குத்தான் கரையோர இடம். வழக்கமான வார இறுதிக்குக் குறைந்தது இரண்டு இரவு, விடுமுறை வார இறுதி என்றால் மூன்று இரவு என்று விதி வேறு.

வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு இடம் தேடினால் என்ன ஆகும்? நெடுஞ்சாலை ஓரம் தனியார் பார்க் ஒன்றில், இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவே, லாரிச் சத்தம் கேட்டுக்கொண்டு மூன்று நாள். ஏரி பார்க்கக் காரில் போய்வர வேண்டும். அதற்கு வீட்டிலேயே இருக்கலாம்.

ஜூலை 9

50 ஆம்ப் பற்றி எழுத உட்கார்ந்தேன், அதற்கு முன்னால் ஒன்று. இடத்துக்கும் முன்னால் பார்க்க வேண்டியது நீர்மட்டம்.

டெக்சோமா தானாக உண்டான ஏரி அல்ல. ரெட் ரிவர் மேல் 1944இல் கட்டி முடித்த டெனிசன் அணையின் நீர்த்தேக்கம். வெள்ளத் தடுப்பு, மின்சாரம், குடிநீர் எல்லாவற்றுக்கும் அப்புறம்தான் நம் கூடார சுகம். வழக்கமான மட்டம் 617 அடி. பருவத்துக்கு ஏற்ப ஓரிரு அடி ஏற்றி இறக்குவார்கள். உபரிநீர் வழியும் மட்டம் 640 அடி. இடையிலுள்ள 23 அடியும் வெள்ளத்துக்கென்று ஒதுக்கிய இடம். அந்த 23 அடிக்குள்தான் நம்முடைய கேம்ப்கிரவுண்டுகளின் தாழ்வான இடங்கள் இருக்கின்றன! மேலே ஓக்லஹோமாவில் நாலு நாள் அடித்துப் பெய்தால், இங்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே தாழ்வான வரிசைகளில் பிக்னிக் மேசை மிதக்கும்.

640ஐத் தாண்டி வழிந்த ஆண்டுகள் 1957, 1990, 2007, 2015. கடைசி முறை 645 அடிக்கும் மேலே போனது. அப்படிப்பட்ட ஆண்டுதான் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். வழக்கத்தைவிடச் சில அடி ஏறினாலே முதல் வரிசை மூடப்படும். உங்கள் முன்பதிவை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள், சரி. ஆனால் வாடகை வண்டிக்காரர் திருப்பித் தரமாட்டார். அவருக்கும் வெள்ளத்துக்கும் என்ன சம்பந்தம்?

கோரின் டல்சா மாவட்டத் தளத்தில் அன்றன்றைய மட்டம் இருக்கும். தினம் பாருங்கள்.

ஜூலை 9, கொஞ்சம் கழித்து

'617 அடி ஆழமா, குழந்தைகளை இறக்கலாமா' என்று ஒருவர் பயந்து கேட்டிருக்கிறார். ஆழம் இல்லை, கடல் மட்டத்திலிருந்து உயரம்.

என் அப்பா முதல் தடவை வந்தபோது இதே குழப்பம்தான். சேலத்துக்காரர், காலையில் பேப்பரைப் பிரித்தால் மேட்டூர் நீர்மட்டத்தில்தான் முதலில் கண் போகும். 120 அடி என்றால் அணை நிரம்பிவிட்டது என்று வாழ்நாள் முழுக்கப் பழகிய மனிதர். 617 என்றதும், 'மேட்டூரைப்போல அஞ்சு பங்கா!' என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். விளக்கிச் சொன்னதும் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் தினம் காலையில் என் போனை வாங்கி மட்டம் பார்த்து, 'இன்னிக்கு அரை அடி ஏறியிருக்கு, அந்தப் பக்கம் மழை' என்று சொன்னவர் அவர்தான். எங்கள் வீட்டில் பயணத் திட்டத்தை அவரிடமே விட்டுவிட்டோம்.

ஜூலை 11

இப்போது மின்சாரம். முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு 'அதெல்லாம் இருக்கட்டும், ஏசி ஓடுமா' என்று கேட்பவர்களுக்காக.

30 ஆம்ப் என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட், அவ்வளவுதான். 50 ஆம்ப் என்பது அதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று தோன்றும், அப்படி இல்லை. அதில் 120 வோல்ட்டில் தலா 50 ஆம்ப் என்று இரண்டு தடம் வருகிறது, மொத்தம் 12,000 வாட். மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் வாடகைக்கு வரும் 25, 28 அடி வண்டிகள் பலவற்றில் இருப்பதே 30 ஆம்ப் வயர்தான். 50 ஆம்ப் இடத்தைப் பிடித்து என்ன செய்வது? அடாப்டர் போட்டாலும் வண்டிக்குள் வருவது 30தான். அதனால் வண்டிக்காரரிடம் முதலில் கேளுங்கள்.

30 ஆம்பில் கூரை ஏசி ஓடும்போது மைக்ரோவேவ் போட்டால் தாங்கும். கூடவே வாட்டர் ஹீட்டர் கரண்டில் இருந்து, யாராவது இன்ஸ்டன்ட் பாட்டையும் சொருகினால் பட்டென்று போகும். வாட்டர் ஹீட்டரை கேஸுக்கு மாற்றிவிடுங்கள், பாதிச் சண்டை தீர்ந்தது.

இன்னொரு வழி இருக்கிறது. வெளியே நிற்கும் மின்கம்பப் பெட்டியில் 30, 50 தவிரப் பெரும்பாலும் சாதாரண 20 ஆம்ப் பிளக் ஒன்று இருக்கும். அது தனி பிரேக்கர். மழைக்குத் தாங்கும் கனமான எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று கொண்டுபோனால் குக்கர், மிக்சி, இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் பிக்னிக் மேசைக்கு வந்துவிடும். ஒன்றின்பின் ஒன்றாகத்தான், எல்லாம் ஒரே நேரத்தில் இல்லை. உள்ளே ஏசி பாட்டுக்கு ஓடும். எப்படியும் உள்ளே சமைக்க முடியாது. வண்டிக்குள் கடுகு தாளித்த முதல் நிமிடமே ஸ்மோக் அலாரம் அடிக்கும், பக்கத்து வண்டிக்காரர் கதவைத் தட்டுவார். நல்ல மனிதர், தீயணைப்பானோடு வந்தார்.

ஜூலை 12

தண்ணீர்த் தொட்டிகள். இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

கோர் இடங்களில் பெரும்பாலும் தண்ணீரும் மின்சாரமும் உண்டு, கழிவுநீர் இணைப்பு இருக்காது. வாசல் பக்கம் டம்ப் ஸ்டேஷன் இருக்கும். போகும்போது அங்கே நிறுத்திக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும். அதுவரை எல்லாம் வண்டிக்கு அடியில் இரண்டு தொட்டிகளில்தான் சேரும்: கழிப்பறைக்கு பிளாக் டேங்க், சமையல் தொட்டியும் குளியலும் கிரே டேங்க்.

அமெரிக்கர்கள் எழுதும் குறிப்புகளில் பிளாக் டேங்கைப் பற்றியே பயமுறுத்துவார்கள். நம் வீட்டுக்கு அது பிரச்சினையே இல்லை. நம்மைக் கவிழ்ப்பது கிரே. அரிசி மூன்று தண்ணீர் களைகிறோம், பருப்பு களைகிறோம், காய் அலம்புகிறோம், குழம்புச் சட்டியை ஊறவைத்துத் தேய்க்கிறோம். அவர்கள் காகிதத் தட்டில் ஹாட் டாக் சாப்பிட்டு எறிந்துவிட்டு, ஒரு வாரம் ஓட்டுவார்கள். நாம் இரண்டாம் நாள் மதியமே நிரப்பிவிடுவோம்.

நிரம்பினால் எப்படித் தெரியும்? மீட்டர் விளக்கை நம்ப வேண்டாம். வண்டியிலேயே தாழ்வான வடிகால் குளியலறைத் தரையில் இருப்பது. அங்கே சத்தமில்லாமல் தண்ணீர் மேலே வரும். மஞ்சள் நிறமாக, எண்ணெய் ஓரம் கட்டி, நடுவில் கடுகும் ஒரு கறிவேப்பிலையும் மிதக்கும். பார்த்த குழந்தைகள் அதற்கப்புறம் குளிக்கவே மாட்டேன் என்று விட்டார்கள்.

என்ன செய்யலாம்: முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் வேண்டிய அரிசி, பருப்பைப் புளியோதரை, சப்பாத்தி, இட்லிப்பொடி தடவிய இட்லி என்று வீட்டிலேயே முடித்து எடுத்துப் போங்கள். மாவு ஐஸ் பெட்டியில். பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்து எறிந்துவிட்டு அப்புறம் கழுவுங்கள். குளியல் கேம்ப்கிரவுண்ட் குளியலறையில். வெந்நீர் வரும், இடமும் தாராளம். பாத்திரத் தண்ணீரைப் புதரில் ஊற்றலாமா என்று கேட்க வேண்டாம், கூடாது.

டம்ப் செய்யும்போது பிளாக் முதலில், கிரே பிறகு. அப்போதுதான் பின்னால் வரும் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். நிறுத்தியிருக்கும் நாட்களில் பிளாக் வால்வு மூடியே இருக்கட்டும். திறந்து வைத்தால் தண்ணீர் ஓடிவிடும், மற்றது உள்ளேயே தங்கிவிடும். கையுறை பெட்டியாகவே வாங்குங்கள்.

ஜூலை 12, இரவு

இதெல்லாம் வேண்டாம் என்றால் கழிவுநீர் இணைப்போடு உள்ள இடமும் உண்டு: டெனிசன் அருகே ஐசனோவர் ஸ்டேட் பார்க். ஜனாதிபதி ஐசனோவர் 1890இல் பிறந்த ஊர் டெனிசன், அதனால் அந்தப் பெயர். டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களுக்கு ஐந்து மாதம் முன்னால் பதிவு. இது பாறை மேட்டில் இருப்பதால் நீர்மட்டக் கவலையும் குறைவு. ஆனால் மேட்டிலிருந்து தண்ணீருக்கு இறங்கி ஏற வேண்டும், முட்டிவலிக்காரர்களுக்குக் கஷ்டம். மேலே 'நீர்மட்டம்தான் முதல்' என்று அவ்வளவு எழுதினேனே, இந்த ஒரு இடத்துக்கு அதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம்.

ஜூலை 15

'பெரியவர்களுக்கு அரை விலை பாஸ் உண்டாமே' என்று கேட்டவருக்கு. உண்டு. 62 வயதானவர்களுக்கான சீனியர் பாஸ் இருந்தால் கோர் கேம்ப்கிரவுண்டில் கட்டணம் பாதி. ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்குக் கிடையாது. கிரீன் கார்டு வைத்திருக்கும் மாமனார் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள், பாஸ் வைத்திருப்பவர் அங்கே தங்கினால்தான் அந்த விலை. எங்கள் நண்பர் வட்டத்தில் அப்படி ஒரு மாமாவுக்கு ஏகப்பட்ட கிராக்கி.

ஜூலை 16

இரண்டு குடும்பமும் பெரியவர்களும் என்றால் பத்துப் பேராவது வரும். இதைக் கேள்வியில் கவனிக்காமல் விட்டு என்னென்னவோ எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்துக்குப் பெரும்பாலும் எட்டுப் பேர்தான். இரண்டு இடம் அடுத்தடுத்து எடுங்கள். ஒன்றில் ஆர்.வி., இன்னொன்றில் கூடாரம். 'எட்டுப் பேர் படுக்கலாம்' என்று விளம்பரத்தில் போட்டிருப்பது சாப்பாட்டு மேசையை இறக்கி மெத்தை போட்டு, சோபாவை விரித்து, ஓட்டுநர் தலைக்கு மேலே உள்ள பரணில் இரண்டு பேரை ஏற்றிப் போட்ட கணக்கு. அம்மா ஏணி ஏறுவாரா? நடு இரவில் பாத்ரூம் போக எத்தனை பேரைத் தாண்ட வேண்டும்?

படுக்கையைவிட முக்கியம் சீட் பெல்ட். எத்தனை பெல்ட் இருக்கிறதோ அத்தனை பேர்தான் பயணம் செய்யலாம். குழந்தை இருக்கை வைப்பதென்றால் முன்னோக்கிய இருக்கை வேண்டும், பக்கவாட்டு சோபாவில் வைக்கவே கூடாது. குழந்தை இருக்கையைப் பின்னால் இழுத்துக் கட்டும் கொக்கி இருக்கிறதா என்று போன் செய்து கேளுங்கள். பல வண்டிகளில் இல்லை. நாங்கள் செய்வது: வண்டியை ஒருவர் ஓட்ட, பக்கத்தில் ஒருவர் வழி சொல்ல, மற்றவர்கள் எல்லாம் காரில் பின்னால். கார் அங்கேயும் தேவைப்படும். ஐஸ் தீர்ந்துவிட்டது என்று அத்தனை வயரையும் குழாயையும் கழற்றி வண்டியைக் கடைக்கு ஓட்டுவீர்களா?

75ஆம் நெடுஞ்சாலையில் நேராக வடக்கே ஒன்றரை மணி நேரம்தான். முதல் தடவைக்கு இந்தத் தூரம் போதும். காற்று நாளில் பக்கவாட்டில் தள்ளும், வேகம் வேண்டாம். உயரம் 11, 12 அடி இருக்கும். ஒரு காகிதத்தில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். டிரைவ் த்ரூ பக்கமே போகாதீர்கள்.

ஜூலை 17

காப்பீடு. கிரெடிட் கார்டில் வரும் வாடகைக் கார் காப்பீடு பொதுவாக ஆர்.வி.க்குச் செல்லாது. உங்கள் கார் பாலிசியும் செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஜூலை 20

மீன் கேட்டவருக்கு. டெக்சோமா என்றாலே ஸ்ட்ரைப்பர். கடல்மீன் இனம், ஆறு ஏறி முட்டையிடும். 1965இல் இங்கே விட்டார்கள். நன்னீர்த் தேக்கங்களில் பல இடங்களில் இது தானாகப் பெருகாது, ஆண்டுதோறும் குஞ்சு விட வேண்டும். இங்கே பெருகிவிட்டது. முட்டை மூழ்காமல் மிதந்துகொண்டே பொரிக்க நீளமான ஆறு வேண்டும். ரெட் ரிவர், வாஷிட்டா இரண்டும் அதற்குத் தோதாக இருக்கின்றன. தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு உண்டு. மேற்கே உப்பு ஊற்றுகள் வழியாக ரெட் ரிவர் கொண்டுவருவது.

கடற்பறவைகள் கூட்டமாகத் தண்ணீரில் விழுந்து எழுந்தால் அதன் கீழே ஸ்ட்ரைப்பர் கூட்டம் சின்ன மீன்களை மேலே துரத்துகிறது என்று அர்த்தம். படகில்லாமல் அதைப் பார்த்துப் பெருமூச்சுதான் விடலாம். வழிகாட்டியோடு போனால் பிடிக்கலாம். இரு மாநிலத் தண்ணீருக்கும் செல்லும் டெக்சோமா உரிமம் தனியாக உண்டு. டெக்சாஸ் ஸ்டேட் பார்க் கரையில் நின்று தூண்டில் போட உரிமமே வேண்டாம்.

இரத்தம் படிந்த கருஞ்சிவப்புச் சதையைச் சீவி எடுத்துவிடுங்கள், வீச்சம் அதில்தான். மிச்சம் வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் வராது, ஆனால் மிளகாய்த்தூள், எலுமிச்சை தடவி வெளியே கல்லில் போட்டால் யாரும் குறை சொன்னதில்லை.

ஜூலை 22

லேபர் டேயா, அக்டோபரா என்று திரும்பக் கேட்கிறீர்கள். அக்டோபர். செப்டம்பர் தொடக்கத்தில் வெயில் இன்னும் இறங்கியிருக்காது, ஒரு கூரை ஏசி 28 அடி வண்டியை மதியம் குளிர்விக்கத் திணறும். அதுவும் கதவைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறக்கும் குழந்தைகள் இருந்தால் சொல்லவே வேண்டாம். அக்டோபரில் இரவு போர்வை கேட்கும், கொசுவும் குறையும். பெற்றோர் விசா அதுவரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஏப்ரல், மே வேண்டாம் என்பேன். டொர்னாடோ என்கிற சுழல்காற்றுக் காலம். ஆர்.வி. அடைக்கலம் இல்லை, எச்சரிக்கை வந்தால் சிமெண்ட் கட்டடக் குளியலறைக்கு ஓட வேண்டியதுதான். எந்த மாதம் போனாலும் அந்தக் கட்டடம் எங்கே என்று வந்ததும் நடந்து பார்த்துவிடுங்கள், நீங்கள் இருக்கும் மாவட்டத்தின் (கவுண்டி) பெயரையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கையில் மாவட்டப் பெயர்தான் சொல்வார்கள்.

ஆகஸ்ட் 3

அக்டோபருக்கு அடுத்தடுத்து இரண்டு இடம் கிடைத்துவிட்டதாம், யாரோ ரத்து செய்தது. நல்லது. வரைபடத்தில் மேல் வரிசையா, கீழ் வரிசையா என்று பார்த்தீர்களா? மேல் வரிசை என்றால் தண்ணீர் தெரியும், ஆனால் நனையாது. இப்போது போய் வண்டிக்கு முன்பணம் கட்டுங்கள்.

அக்டோபர் 21

போய் வந்துவிட்டார்கள். கேட்டவர் நீளமாக எழுதியிருந்தார். மட்டம் வழக்கம்போல் இருந்ததாம். குளியலறைத் தரையில் கறிவேப்பிலை வரவில்லை. அப்பா ஆர்.வி.யில் படுக்க மறுத்து, பேரனோடு கூடாரத்தில் படுத்தாராம். வண்டி சமதளமாக நிற்காததால் முதல் நாள் ஃபிரிட்ஜ் சரியாகக் குளிராமல், சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்தபின் சரியானதாம். கேஸ் ஃபிரிட்ஜ் இருக்கும் வண்டிகளில் அது ஒரு விஷயம்; நான் எழுத விட்டுப்போனது.

அவருடைய ஒரே வருத்தம் பில். பிளாக் டேங்க் காலி செய்யவில்லை என்று வாடகைக்காரர் தனியாகப் பணம் பிடித்திருக்கிறார். இவர் வாசலில் காலி செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். தொட்டிச் சுவரில் காகிதம் ஒட்டிக்கொண்டால் காலியான பிறகும் விளக்கு மூன்றில் இரண்டு பங்கு என்று காட்டும். அதனால் டம்ப் ஸ்டேஷனில் கிளம்பும் முன் இரண்டு வாளித் தண்ணீரைக் கழிப்பறை வழியாக ஊற்றி இன்னொரு தடவை திறந்துவிடுங்கள். குழாயில் தெளிந்த தண்ணீர் ஓடுவதை போனில் வீடியோ எடுங்கள். ஜெனரேட்டர் மணிக்கணக்கு மீட்டரை எடுக்கும்போதும் விடும்போதும் படம் எடுங்கள், எரிபொருள் முள்ளையும்தான். இவரிடம் வீடியோ இல்லை. டம்ப் ஸ்டேஷன் பக்கத்தில் அம்மா நின்று எடுத்த செல்ஃபி ஒன்றில் பின்னால் குழாய் தெரிகிறதாம், அதை அனுப்பியிருக்கிறார். பணம் திரும்ப வந்தால் எழுதச் சொல்லியிருக்கிறேன்.